பாசி மூட்டை தூக்கினால் மூச்சு இரைக்கிறது: டிரெட்மில் இல்லாமல் சோதிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. பெரியபட்டினம் பக்கம் கடற்கரைக் கிராமம். சின்ன வயதிலிருந்து கடல்பாசி எடுக்கப் போகிறேன். இப்போதும் என்னோடு வருகிற இளவட்டங்களைவிட அதிக நேரம் மூச்சடக்கி முங்குவேன். ஆனால் ஆறு மாதமாக, மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறினால் மூச்சு இரைக்கிறது. டிரெட்மில் இல்லாமல் இதயத்தைச் சோதிக்க வழி உண்டா டாக்டர்?

பதில்: வழி உண்டு. அதற்கு முன், மூச்சடக்க முடிகிறது என்பதை வைத்து இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போதுதான் மூச்சுவிடத் தவிப்பு வருகிறது. வருடக்கணக்கில் முங்குகிறவர்களுக்கு அந்தத் தவிப்பைத் தாங்கிப் பழகியிருக்கும். உழைக்கும்போது தசைகளுக்கு வேண்டிய பிராணவாயு போய்ச் சேருகிறதா என்பது வேறு விஷயம். அதை நடக்கவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவமனைகளில் நாங்கள் செய்வது 6 நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளத்துக்குச் சமதரை, இரண்டு முனையிலும் ஒரு அடையாளம், ஒரு கடிகாரம், அவ்வளவுதான். ஓடக் கூடாது, 6 நிமிடத்தில் முடிந்த அளவு வேகமாகப் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். மூச்சு முட்டினால் நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைசியில் எத்தனை மீட்டர் நடந்தீர்கள் என்பதுதான் கணக்கு. ஆரோக்கியமானவர்கள் பொதுவாக 400 முதல் 700 மீட்டர் நடப்பார்கள். வயது, உயரம், எடையைப் பொறுத்து மாறும். சிகிச்சைக்குப் பிறகு மறுபடி நடக்கும்போது 30 மீட்டர் கூடினாலே நல்ல முன்னேற்றம்.

உங்கள் ஊரில் கடற்கரை மணலில் இதைச் செய்யாதீர்கள். மணலில் கால் புதையும், தூரம் குறையும், வீணாகப் பயம் வரும். சிமெண்ட் ரோடு நல்லது. வெயில் ஏறுவதற்கு முன், கச்சான் காற்று பலமாக இல்லாத நாளில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வீட்டுச் சோதனையை முதல் வேலையாக வைக்க மாட்டேன். புதிதாக மூச்சிரைப்பு வந்திருக்கிறது; டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகே நடங்கள். நெஞ்சுவலி இருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் துடித்தாலும் நடக்கவே கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, குப்பென்று வியர்த்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நம் பெண்களுக்கு மூச்சிரைப்பு என்றால் நான் முதலில் பார்ப்பது ரத்தசோகை. மாதவிடாயில் அதிகம் போகிறதா, பல வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்தீர்களா, சாயங்காலம் கால் வீங்குகிறதா என்பதையெல்லாம் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ரத்த அளவு, ரத்த அழுத்தம், ஈசிஜி மூன்றும் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தேவைப்பட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வார்கள்.

முடிவு தெரியும்வரை முங்க வேண்டாம். வருமானம் போகும், தெரியும். ஆனாலும் தண்ணீருக்கடியில் மயக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாமல் போகலாம் என்பதால் இதில் கண்டிப்பாகச் சொல்கிறேன்.