மாஸ்க்கை இறுக்கினால் காற்றுக் கசிவு நிற்குமா?

கேள்வி: குறட்டையோடு மூச்சும் தடைபட்டதால் என் கணவர் ஒரு மாதமாக சிபாப் மெஷின் (மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்க, மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் கருவி) போட்டுத் தூங்குகிறார். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். நடுராத்திரியில் கண்ணில் காற்று அடிக்கிறது. பட்டையை இறுக்கினால் மூக்குத் தண்டு புண்ணாகிறது. காலையில் வாய் வறண்டுவிடுகிறது. என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் பட்டையைத் தளர்த்துங்கள். மாஸ்க் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிக்கோன் காற்றில் உப்பித்தான் தோலோடு ஒட்டும். இறுக்கினால் அது மடங்கி, மடிப்பு வழியே கசியும்.

உட்கார்ந்து மாட்டிப் பார்ப்பது போதாது. படுத்தால் கன்னம் சரிந்து முக அமைப்பே மாறும். அவரைப் படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைச் சற்று முன்னால் இழுத்து மெதுவாக உட்காரவிடுங்கள். பிறகு மேல் பட்டை, அடுத்துக் கீழ்ப் பட்டை, இரு பக்கமும் சமமாக. பட்டைக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். இரவில் முகத்தில் எண்ணெயோ க்ரீமோ வேண்டாம், வழுக்கும். சிலிக்கோனைத் தினமும் வெதுவெதுப்பான நீரிலும் மிதமான சோப்பிலும் கழுவுங்கள். ஸ்பிரிட் தொடவே கூடாது.

புண் ஆறும்வரை, நாசித் துவாரத்தில் மட்டும் பொருந்தும் பில்லோ வகையைக் கேட்டுப் பாருங்கள். மூக்குத் தண்டில் படாது.

வாய் வறள்வது பெரும்பாலும் வாய் திறந்து காற்று வெளியேறுவதால். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம். மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஹியுமிடிஃபையரை ஒரு படி கூட்டுங்கள், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி. அப்படியும் தீராவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க்தான் சரி.

மாஸ்க்கில் உள்ள சிறு துளைகளைக் கசிவென்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்! விடும் மூச்சு அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. மெஷினின் காற்று பிரஷரையும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.