கேள்வி-பதில்: பூட்டே இல்லாத கைத்துப்பாக்கி

கேள்வி: ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ப் படங்களில் சைக்கிள் பம்ப் மாதிரி முன்பக்கம் உருண்டையாக ஒரு கைத்துப்பாக்கி வருகிறதே, அது குவெர்னிகாவில் செய்தது என்கிறான் நண்பன். பிக்காசோ வரைந்த அந்த ஊரா?

பதில்: அதே ஊர்தான். துப்பாக்கியின் பெயர் ஆஸ்ட்ரா 400, ஸ்பானிய ராணுவம் 1921இல் ஏற்றுக்கொண்டது. நீங்கள் பம்ப் என்கிறீர்கள், அங்கே 'பூரோ', அதாவது சுருட்டு என்று கூப்பிட்டார்கள்.

இதற்கு முன்னோடி காம்போ-ஹிரோ பிரபு என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்த துப்பாக்கி. அவருடைய ஆரம்ப மாடல்களில், வெடித்த கணத்தில் குழலையும் மேல் சட்டத்தையும் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) பிணைத்து வைக்க ஒரு பூட்டு இருந்தது, ராணுவத்துக்குப் போன 1913 மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆஸ்ட்ராவும் அதே வழிதான். 9 மி.மீ. லார்கோ போன்ற வலுவான தோட்டாவுக்குப் பூட்டு வேண்டும் என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள், இவர்களோ கனமான மேல் சட்டத்தையும் குழலைச் சுற்றி முரட்டுத்தனமான ஒரு சுருள்வில்லையும் வைத்துச் சமாளித்துவிட்டார்கள். உதிரிபாகம் குறைவு, செய்வது சுலபம், ஆனால் மேல் சட்டத்தைப் பின்னால் இழுக்க நல்ல கைவலு வேண்டும், கழற்றும்போது முனை மூடி விரலில் இருந்து நழுவினால் வில் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

1937 ஏப்ரல் 26 அன்று குண்டுவீச்சில் ஊர் எரிந்தது, இந்தத் துப்பாக்கியைச் செய்த உன்செட்டா தொழிற்சாலை மட்டும் தப்பித்தது, சில நாளில் குடியரசை எதிர்த்துப் போரிட்ட ஃபிராங்கோ கைக்குப் போனது. சரி, குடியரசுத் தரப்பு என்ன செய்தது? அச்சு அசலாக நகல் எடுத்தது! வலென்சியா பக்கம் ஒன்று, கட்டலோனியாவின் தெராசாவில் இன்னொன்று. தெராசா நகலில் 1936 ஜூலையில் பார்சிலோனாவில் செத்துப்போன அராஜகவாதி ஃபிரான்சிஸ்கோ அஸ்காசோவின் பெயரைப் பொறித்தார்கள். ஆக, எதிரெதிரே நின்றவர்கள் இருவர் கையிலும் ஒரே சுருட்டு.

கேள்வி: இதில் எந்த 9 மி.மீ. தோட்டாவைப் போட்டாலும் சுடுமாமே?

பதில்: போட்டுச் சுட்டவர்கள் இருக்கிறார்கள், அதை வைத்துத்தான் இந்தப் பேச்சு. லார்கோவின் உறை 23 மி.மீ. நீளம், இன்னொரு 9 மி.மீ. தோட்டாவான பாராபெல்லத்துக்கு 19தான், உள்ளே சரியாக உட்காராது. எல்லாம் போகும் என்றால், 1941இல் 400ஐ வாங்கிய ஜெர்மானியர்கள், அப்புறம் பாராபெல்லத்துக்கென்றே ஆஸ்ட்ரா 600ஐ எதற்குச் செய்யச் சொன்னார்கள்?