புஷ்ராட் நீளம் ஒரு கேள்வி, நட்டின் சுற்று வேறு கேள்வி

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வாகனப் பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறேன். முதலாளியிடம் 1970ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது ஹைபிரிட் எஞ்சின்: 351 விண்ட்சர் பிளாக், அதன்மேல் 351 கிளீவ்லண்ட் ஹெட். லிஃப்டர்கள் ஹைட்ராலிக். ராக்கர்கள் ஸ்டட்டில் நட்டு வைத்துச் சரிசெய்யும் ரோலர் வகை. விண்ட்சருக்கானது என்று விற்ற புஷ்ராடுகளைப் போட்டோம். டிக் டிக் என்ற சத்தம் நிற்கவில்லை. நட்டை முக்கால் சுற்று இறுக்கியும் பயனில்லை. கிளீவ்லண்ட் புஷ்ராட் வாங்கிப் போடலாமா? நட்டை எத்தனை சுற்று இறுக்க வேண்டும்?

பதில்: சிங்கப்பூரில் ஹைபிரிட் என்றால் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் டாக்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நீங்கள் சொல்வது பழைய பொருளில்: உடம்பு (பிளாக்) ஃபோர்டின் ஒரு எஞ்சின் குடும்பம், வால்வுகள் இருக்கும் தலை (ஹெட்) இன்னொரு குடும்பம். இந்தச் சேர்க்கை பட்டறைக்காரர்களின் கைச்சரக்கு மட்டும் அல்ல. 1969, 1970ஆம் ஆண்டுகளில் வந்த பாஸ் 302 எஞ்சினில் ஃபோர்டே சிறிய பிளாக்கின்மேல் கிளீவ்லண்ட் பாணி ஹெட்டை வைத்து விற்றது.

கேம் லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராட் என்ற தடியைத் தள்ளும், தடி ராக்கரைச் சாய்த்து வால்வைத் திறக்கும். அந்தத் தடிக்கு விண்ட்சர் புஷ்ராட் வேண்டாம், கிளீவ்லண்ட் புஷ்ராடும் வேண்டாம். கிளீவ்லண்ட் பிளாக்கின் டெக் உயரம், அதாவது கிராங்க் மையத்திலிருந்து ஹெட் உட்காரும் தளம் வரை, 9.206 அங்குலம். விண்ட்சர் 351இல் அது ஏறத்தாழ 9.5 அங்குலம். ஹெட் உங்கள் எஞ்சினில் கால் அங்குலத்துக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது. விண்ட்சரின் அசல் தடி சுமார் 8.2 அங்குலம், கிளீவ்லண்டின் அசல் தடி சுமார் 8.4. இரண்டும் தத்தம் வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். போதாக்குறைக்கு, ஹெட்டை எவ்வளவு மில் செய்தார்கள் (சீவினார்கள்), கேஸ்கெட் எத்தனை தடிமன், கேமின் அடிவட்டம் (மேடு இல்லாத பகுதி) எவ்வளவு சிறியது, லிஃப்டருக்குள் தடி உட்காரும் குழி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் நீளத்தை மாற்றும். அளந்துதான் வாங்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்டட் வகை ராக்கரில் லிஃப்டரின் பிரீலோடை, அதாவது உள்ளிருக்கும் பிளஞ்சர் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதை, முடிவுசெய்வது நட்டு. தடியின் நீளம் முடிவுசெய்வது ராக்கர் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் நின்று வால்வைத் தள்ளுகிறது என்பதை. தடி குட்டையாக இருந்தாலும் நட்டை இறக்கி பிரீலோடைச் சரியாக வைத்துவிடலாம். அப்போது ராக்கர் மட்டும் தாழ்ந்துபோய்க் கோணலாக வேலை செய்யும். அதன் அடிப்பகுதி ஸ்பிரிங்கின் மேல்தட்டில் உரசினாலும் அதே டிக் டிக் சத்தம் வரும். உங்கள் சந்தேகத்தை முதலில் அங்கே வையுங்கள். மெல்லிய கம்பி ஒன்றை ராக்கருக்கும் தட்டுக்கும் நடுவே விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். கம்பி எங்கேயாவது சிக்கினால் விடை கிடைத்துவிட்டது. (கிளீவ்லண்டின் அசல் பெடஸ்டல் ராக்கராக, அதாவது மேடைமேல் போல்ட்டால் இறுக்கும் வகையாக, இருந்தால் கதை தலைகீழ். அங்கே பிரீலோடைத் தடியின் நீளம் தீர்மானிக்கும், உயரத்தை அடியில் வைக்கும் ஷிம் (மெல்லிய தகடு) தீர்மானிக்கும்.)

அளப்பதற்குத் திருகி நீட்டக்கூடிய சோதனைத் தடி ஒன்று வேண்டும். பழைய லிஃப்டர் ஒன்றைப் பிரித்து, பிளஞ்சருக்கு அடியில் வாஷர்களை அடுக்கி, மேலே உள்ள கிளிப்பைத் தொட்டபடி அசையாமல் பூட்டிவிடுங்கள். வால்வின் கனத்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக மெல்லிய ஸ்பிரிங் போடுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடாமல் இருக்க, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்துவது என் வழக்கம். கயிற்றின் முனை வெளியே தொங்க வேண்டும். ஒருமுறை முழுக் கயிற்றையும் உள்ளே விட்டுவிட்டு அரை நாள் கொக்கி போட்டு இழுத்தவன் நான்.

இப்போது கயிற்றை வெளியே எடுத்துவிட்டு, வால்வின் நுனியில் மார்க்கர் மை பூசி, ஆட்டம் இல்லாத அளவுக்கு நட்டை இறக்கி, எஞ்சினை இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். ரோலர் உருண்ட இடத்தில் மை அழிந்து ஒரு பட்டை தெரியும். பட்டை நடுவில் இருக்கிறதா என்றுதான் பலர் முதலில் பார்க்கிறார்கள். நான் அகலத்தைப் பார்க்கச் சொல்வேன். தடியைச் சிறிது நீட்டிப் பாருங்கள், சிறிது குறுக்கிப் பாருங்கள். பட்டை எந்த நீளத்தில் மிகவும் ஒடுங்குகிறதோ அதுதான் சரியான கோணம். ஒன்றரை மில்லிமீட்டருக்குள் ஒடுங்கி, நுனியின் ஓரத்தைத் தொடாமல் இருந்தால் போதும். கிளீவ்லண்டில் இரண்டு வால்வுகளும் வெவ்வேறு பக்கம் சாய்ந்து நிற்பதால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

பூட்டிய லிஃப்டரில் கிடைத்த இந்த நீளத்தை அப்படியே கடையில் சொல்லிவிடாதீர்கள். உண்மையான லிஃப்டரில் பிளஞ்சர் அமுங்கி நிற்கும், அந்த அமுக்கத்தையும் கூட்ட வேண்டும். லிஃப்டர் தயாரித்தவரின் தாள் கையில் இருந்தால் அதன்படி நடங்கள். இல்லாவிட்டால் 20 முதல் 60 தௌ வரை பொதுவான வழக்கு, நான் 40 வைப்பேன். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இனி சுற்றுக் கணக்கு. ஹெட்டை மில் செய்து போட்ட ஸ்டட் பெரும்பாலும் 7/16 அங்குலமாக இருக்கும். அதன் மரை அங்குலத்துக்கு 20. ஒரு சுற்றுக்கு நட்டு 50 தௌ இறங்கும். ஆனால் பிளஞ்சர் அதைவிட அதிகமாக அமுங்கும். ராக்கர் ஒரு நெம்புகோல். வால்வுப் பக்கம் அசையாமல் நிற்க, நடு அச்சு இறங்கினால் தடிப் பக்கம் அதைவிடக் கூடுதலாக இறங்க வேண்டியிருக்கிறது. கிளீவ்லண்ட் ராக்கரின் விகிதம் 1.73, அதாவது தடிப் பக்கம் 1 அசைந்தால் வால்வுப் பக்கம் 1.73 அசையும். ஆகவே 2.73ஐ 1.73ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.58 மடங்கு. அரைச் சுற்று 25 தௌ, பிளஞ்சரில் 39 தௌ. நீங்கள் இறுக்கிய முக்கால் சுற்று 59 தௌ. வரம்பின் விளிம்புதான், ஆனாலும் வரம்புக்குள். அரைச் சுற்று போதும், இதற்குமேல் இறுக்கிச் சத்தத்தை அடக்கப் பார்க்காதீர்கள். பிளஞ்சர் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டால் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் குறையும், நாளடைவில் வால்வு கருகும்.

ஆட்டம் தீர்ந்த இடத்தைத் தவறாகப் பிடித்திருந்தாலும் இந்தக் கணக்கு வீண். தடியை விரலால் உருட்டிப் பார்த்து முடிவு செய்வது எண்ணெய் வழுக்கும் எஞ்சினில் ஏமாற்றும். தடியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தபடி நட்டை இறக்குங்கள். அந்த மெல்லிய தட்டல் நின்ற கணம்தான் தொடக்கம், சுற்றை அங்கிருந்து எண்ணுங்கள். எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கைச் சரிசெய்யுங்கள். இன்டேக் ஏறக்குறைய மூடும்போது எக்ஸாஸ்டை.

நீங்கள் கேட்காத ஒன்று. விண்ட்சர் ராக்கரின் விகிதம் 1.6. கேம் 300 தௌ தூக்கினால் அங்கே வால்வு 480 தௌ திறக்கும், கிளீவ்லண்ட் ராக்கரில் 519. வால்வுகளின் சாய்வும் வேறு. விண்ட்சர் பிஸ்டனின் வால்வுப் பள்ளம் இந்த வால்வுகளுக்கு நேராக இராது. உள்ளே எந்தப் பிஸ்டன் இருக்கிறது என்று முதலாளியைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ஹெட்டைத் திறந்து, பிஸ்டன்மேல் பிளாஸ்டிசின் வைத்து, பூட்டிய லிஃப்டரோடு சுற்றிப் பாருங்கள். அக்கம்பக்கத்து எழுதுபொருள் கடையில் குழந்தைகளுக்கு விற்கும் பிளாஸ்டிசினே போதும். நசுங்கிய இடத்தை வெட்டி அளந்தால் இன்டேக்கில் 80, எக்ஸாஸ்டில் 100 தௌவுக்குக் குறையக் கூடாது.

ஆர்டர் கொடுக்கும்போது, நீளத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முனை உருண்டையில் எண்ணெய்த் துளை இருப்பதால் அதன் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். உச்சி இருப்பதாகக் கருதி அளப்பவரும் உண்டு, வெட்டுப்பட்டதை அப்படியே அளப்பவரும் உண்டு. சாதாரண 5/16 அங்குல உருண்டையில் இரு முனையும் சேர்ந்து 16 தௌ வித்தியாசம் வந்துவிடும். இப்படி ஸ்டட் போட்ட ஹெட்டில் தடியை நேராக நிறுத்தும் கைடு பிளேட் என்ற தகடு இருந்தால், தடி அதில் உரசும் என்பதால் கடினமாக்கப்பட்ட தடியாகக் கேளுங்கள். 200 மில்லிமீட்டர் கேலிப்பருக்குள் இந்தத் தடி அடங்காது, 300 மில்லிமீட்டர் கேலிப்பர் ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள். பார்சல் வந்ததும் பதினாறையும் அளந்த பிறகே பழையவற்றைக் கழற்றுங்கள்.