எங்கள் ஊர் மலையையும் கண்மாயையும் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கேட்கிறோம். அறிவித்த பிறகு ஊரும் துறைகளும் சேர்ந்து அதை எப்படிப் பராமரிப்பது?

அறிவிப்பு வந்தால் மலை பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுக் கிராமம் ஒன்றில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இந்த அறிவிப்பால் நிலம் கைமாறாது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு மாநில அரசு வெளியிடும் அறிவிப்பு இது. அதற்குப் பிறகும் பாறை வருவாய்த் துறைக் கணக்கில்தான் இருக்கும். கண்மாயின் ஆயக்கட்டு (அது பாசனம் தரும் நிலப் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உள்வாயில் (கண்மாயின் உட்பகுதியில்) சமூகக் காடாக நட்ட கருவேல மரங்களுக்கு வனத்துறை. மலையடிக் கோயிலுக்கு அறநிலையத் துறை, குடைவரைக்கும் கல்வெட்டுக்கும் தொல்லியல் துறை, பாறையை உடைக்க அனுமதி கேட்டால் கனிமவளத் துறை. ஒரே குன்றுக்கு இத்தனை அலுவலகம். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, யார் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று எழுதி வாங்குவதுதான் பராமரிப்பின் பாதி வேலை.

அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 சுனைகள், ஏறக்குறைய 250 பறவை வகைகள் என்று அரசே பட்டியல் போட்டது. தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருக்கிற இடம். அப்படியிருந்தும் இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரத்தை ஒன்றிய அரசு ஏலத்தில் கொடுத்தது. 2023ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு டங்ஸ்டன் மாதிரியான முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் போய்விட்டது. 2024 டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மேலூரிலிருந்து மக்கள் மதுரைக்கு நடந்தார்கள், 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. அரசாணை இருந்தும் ஊர் திரண்டு நிற்க வேண்டியிருந்தது. அதனால்தான் அறிவிப்புக்கு முன்பே கூட்டாளிகளைச் சேர்த்துவிடுங்கள் என்கிறேன்.

எல்லையிலிருந்து தொடங்குங்கள். 'அ' பதிவேட்டு (புல எண் வாரியாக நில விவரம் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) நகல், புலப்படம், கிராம வரைபடம் மூன்றையும் வாங்கிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், பக்கத்துப் பட்டாதாரர்கள் எல்லாரையும் கூட்டி எல்லையை நடந்து பாருங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் உட்பிரிவில். 112 என்று எழுதினால் 112/1இல் உள்ள பாறையோடு 112/3இல் உள்ள ஒருவரின் கிணறும் தென்னையும் உள்ளே வந்துவிடும் (எண் உதாரணத்துக்கு). அந்த ஒரு பட்டாதாரர் போடும் ஆட்சேபணையில் மொத்தக் கோப்பும் நிற்கும். பட்டா நிலத்தை வெளியே விடுங்கள். உள்ளே வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்குங்கள். அறிவிப்பால் பொருளாதார ரீதியில் பாதிக்கப்படுகிறவர்களுக்கு ஈடு செய்யத் திட்டம் வகுக்க வேண்டியது அரசின் கடமை என்று அதே 37ஆவது பிரிவு சொல்கிறது. அதையும் கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள்.

மேய்ச்சலும் விறகும் நின்றுவிடும் என்ற பயம் எல்லா ஊரிலும் வரும். ஊரார் தாங்களாகவே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு தவிர வேறு எதையும் இந்த அறிவிப்பு அவர்கள் மேல் சுமத்தாது. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் அப்படித்தான் இருக்கிறது. சரணாலயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. வாய்ப்பேச்சாக விடாமல் கிராம சபைத் தீர்மானத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் எதிர்ப்பு பெரும்பகுதி அடங்கும்.

அடுத்தது பல்லுயிர் மேலாண்மைக் குழு, 41ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பு அமைக்கும் குழு. பழைய 2004ஆம் ஆண்டு விதிகளில் இருந்தது இது: ஒரு தலைவர், உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் ஆறு பேருக்கு மிகாத உறுப்பினர்கள்; அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினர். ஆறு பேரில் ஒருவரைப் போட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். ஆறில் ஒன்று 16.7 விழுக்காடுதான், அந்தக் கணக்கில் இருவர் வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு குழுவின் அமைப்பை மாநில அரசு வகுக்கிறது, ஆகவே நடப்பு அரசாணையைப் பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். எண்ணிக்கை எதுவானாலும் ஆடு மேய்க்கிற ஒருவர், மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சி, மூலிகை தெரிந்த ஒரு பாட்டி, இந்த மூவரும் குழுவில் இருக்கட்டும். கட்சிக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்ட குழு இரண்டாவது கூட்டத்தோடு கலைந்துவிடும். தலம் இரண்டு ஊராட்சிகளில் விழுந்தால் இரண்டுக்கும் பொதுவான ஒருங்கிணைப்புக் குழு தேவை. பக்கத்து ஊர் மந்தையும் அதே மலையில் மேய்கிறது என்றால், அந்த ஊர்க்காரரை முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள்.

ஊரின் உயிரினங்களையும் அவை பற்றி ஊரார் அறிந்ததையும் குழு எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டை ஒரே வாரத்தில் நிரப்பி முடிக்காதீர்கள். பக்கத்து ஊர் ஏட்டைப் பார்த்து எழுதியதென்றால் எழுத்துப் பிழைகூட மாறாமல் வந்து காட்டிக்கொடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி தையில் ஒருமுறை, சித்திரை வைகாசி வறட்சியில் ஒருமுறை, ஆக இரண்டு சுற்றாவது நடக்க வேண்டும். கோடையில் எந்தச் சுனையில் தண்ணீர் நிற்கிறது என்ற ஒரு தகவலுக்கே அந்த இரண்டாவது சுற்று தகும். பாறையில் கூடு கட்டும் பறவைகளின் இடத்தையும், விலை போகும் மூலிகைகளின் இடத்தையும் தனித்தாளில் எழுதி முத்திரையிட்டு வையுங்கள். பொதுப் பிரதியில் வேண்டாம்.

இனி மலை. அரிட்டாபட்டியில் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் பதிவாகியிருக்கின்றன. இவை செங்குத்துப் பாறை முகத்தை நம்பி வாழ்பவை. கூட்டைத் தேடி ஏற வேண்டாம், கீழே நின்று பார்த்தாலே தெரியும்: கருத்த பாறையில் ஒரு விளிம்புக்குக் கீழே சுண்ணாம்பைக் கவிழ்த்ததுபோல எச்சம் வெள்ளையாக வழிந்திருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த முகத்துக்கு நேராக ஏறுவதும் ட்ரோன் பறக்கவிடுவதும் கூடாது என்று விதி எழுதுங்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். மதிய வெயிலில் அந்தப் பாறை எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும்.

மலைச்சரிவுப் புல்லுக்குத் தீ வைப்பதைத் தடைப் பலகையால் நிறுத்த முடியாது. புதுத் துளிருக்காக வைக்கிறார்கள். துளிருக்கு வேறு வழி காட்ட வேண்டும். மலையை மூன்று பாத்தியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றை மட்டும் ஐப்பசி முதல் தை வரை மூடுங்கள். புல் விதை உதிர்ந்த பிறகு அறுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். தை மாதத்துக்குள், புல் முழுக்கக் காயும் முன், பாத்திகளுக்கு இடையே மூன்று மீட்டர் அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு செதுக்கிவிட வேண்டும், மாசியில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். மூடுகிற பாத்தி வழியாகத்தான் ஆடு தண்ணீருக்கு இறங்குகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அந்தப் பாதையை அடைத்தால் ஒரே வாரத்தில் வேலி பிரிக்கப்பட்டிருக்கும், தப்பு மேய்ப்பவர் மேல் இல்லை.

நல்லெண்ணத்தால் நடக்கும் கேடு மரம் நடுவது. பாறைக்கும் புல்லுக்கும் நடுவே குழி தோண்டிப் புங்கனும் வேம்பும் வைக்கிறார்கள். தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் அந்த வெட்டவெளிதான் வீடு. நட ஆசையிருந்தால் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) ஓரத்திலும் ஊர்ப் பொதுத்திடலிலும் நடுங்கள். சுனைக்குச் சிமெண்டு பூசுவதும் அப்படித்தான். பாறை இடுக்கிலிருந்து ஊறி வரும் கண்ணை அடைத்துவிட்டு, பிறகு லாரித் தண்ணீர் ஊற்றுவார்கள். பங்குனி, சித்திரையில் கையால் சேற்றை அள்ளுங்கள், மூன்றில் ஒரு பங்கை அப்படியே விடுங்கள், பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். கல்வெட்டு எழுத்தைச் சாக்பீஸால் நிரப்பிப் படம் எடுப்பதையும் நிறுத்த வேண்டும்.

கண்மாயில் மூன்று ஒப்பந்தங்கள் முக்கியம். முதலாவது வண்டல் எடுப்பது. கரையின் உள் அடியை ஒட்டித் தோண்டவிட்டால் அடுத்த பெருமழையில் அங்கேதான் கசியும், ஆகவே கரையைவிட்டுத் தள்ளிக் குச்சி நட்டு அளந்து கொடுங்கள். உள்வாயைத் தொட்டிபோலச் செங்குத்தாக வெட்டாமல் ஓரச் சரிவை அப்படியே வையுங்கள். உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் இரை தேடுவது கணுக்கால் ஆழத் தண்ணீரில். சரிவு போனால் தண்ணீர் நிற்கும், பறவை நிற்காது. இரண்டாவது சீமைக்கருவேல். ஒரே மூச்சில் பொக்லைன் விட்டு அழிக்காதீர்கள். கூடு இருக்கும் மரங்களைக் குறித்துவிட்டு, குஞ்சு பறந்த பிறகு ஆண்டுக்கு ஒரு பகுதியாக வேரோடு எடுங்கள். கரை மேல் உள்ளதைப் பிடுங்கினால் அந்தக் குழியை அன்றே மண் போட்டுக் கெட்டிக்க வேண்டும்.

மூன்றாவது மீன்பாசிக் குத்தகை, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை. வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, ஏல நிபந்தனை அதற்கு முன்பே அச்சாகிவிடும். ஆகவே மார்ச்சிலேயே நீங்கள் சேர்க்கச் சொல்லும் நிபந்தனைகள் ஏலம் விடும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்: பறவை விரட்ட வெடி போடக்கூடாது, மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கக்கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக்கூடாது. ஏலம் முடிந்த பிறகு குத்தகைதாரரிடம் போய்க் கெஞ்சுவது நியாயமில்லை. அவர் பணம் கட்டியவர்.

ஊர்க்காரரை நம்பினால் எல்லாவற்றையும் விற்றுவிடுவார்கள் என்று சொல்ல ஒருவர் வருவார். எல்லா ஊரும் ஒன்றுபோல இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலி மாவட்டத் திருப்புடைமருதூரில் கோயிலை ஒட்டிய மரங்களில் அடையும் பறவைகளை ஊரே காத்து, 2005இல் அது நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமானது. மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடம். வனத்துறைக்கு எதிராகவும் நான் பேசவில்லை. துறையின் சட்ட அறிவும் ரோந்தும் இல்லாமல் வேட்டையைத் தடுக்க முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வருவாய்க் கணக்கில் இந்தக் குன்றெல்லாம் 'தீர்வை ஏற்படாத தரிசு', 'பாறை புறம்போக்கு'. தரிசாம்! இருநூறு சுனை ஊறுகிற இடத்துக்கு, பத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் இறக்குகிற பாறைக்கு அந்தப் பெயர். வரி வராத நிலம் என்று யாரோ எழுதியது, பயனில்லாத நிலம் என்று நம் பிள்ளைகள் வாயிலும் வசவாக ஏறிவிட்டது. குவாரி மனு வரும்போது மேலே போகும் அறிக்கையில் முதல் வரியே "மேற்படி புலம் தரிசு" என்பதுதான். படிக்கிறவர் கண்ணில் அங்கே எதுவுமே இல்லாதது போலத்தான் தெரியும்.

அதனால் அரசாணை கைக்கு வந்த அதே வாரத்தில் வட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள்: இன்னின்ன புல எண்களுக்கு எதிரே 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் அரசாணை எண்ணையும் நாளையும் பதிய வேண்டும் என்று. ஒரு பிரதி மாவட்டக் கனிமவள அலுவலகத்துக்கு, ஒன்று நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கு, ஒன்று ஒன்றிய அலுவலகத்துக்கு. எல்லாவற்றையும் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைகளைக் குழுவின் தீர்மான நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பதிவேட்டின் புது நகல் வாங்கி, அந்தக் கலத்தில் மை விழுந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விழவில்லையென்றால் அடுத்த கிராம சபையில் அதுவே முதல் பொருளாக இருக்கட்டும்.