ரப்பர் இலை உதிர்வதை ரஷ்ய மொழியில் எப்படிச் சொல்வது?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. மகள் ரஷ்யாவில் முதலாண்டு மருத்துவம் படிக்கிறாள். மொழி வகுப்பில் சொந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். 'ரப்பர் இலையுதிர் மரம்' என்று சொல்வதற்காக 'டெசிடுவஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறாள். 'லீஸ்த்வின்னிய்' என்று வந்திருக்கிறது. ஆசிரியை அதை அடித்துவிட்டு 'லிஸ்தபாத்னிய்' என்று எழுதிக் கொடுத்தாராம். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. ஆசிரியை திருத்தியதுதான் சரி. ஆனால் போனையும் ரொம்பத் திட்ட வேண்டாம், அகராதிகளே அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் போடுகின்றன.

'டெசிடுவஸ்' லத்தீனில் 'கீழே விழுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. தாவரவியலில் அது ஒரு மரத்தின் பழக்கத்தைக் குறிக்கும். குறிப்பிட்ட பருவத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, கொஞ்ச நாள் மொட்டையாக நின்று, மறுபடி தளிர்க்கிற மரம் இலையுதிர் மரம். பலாவும் புன்னையும் இலை உதிர்க்காமல் இல்லை, முற்றத்தைத் தினமும் கூட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். அவை ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ப்பதால் மரம் எப்போதும் பச்சையாகவே நிற்கிறது. அதனால்தான் அவற்றைப் பசுமைமாறா மரங்கள் என்கிறோம்.

இனி ரஷ்யச் சொல்லுக்கு வருவோம். 'லிஸ்த்' என்றால் இலை. 'பாதத்' என்றால் விழுதல். இரண்டையும் ஒட்டினால் 'லிஸ்தபாத்', அதாவது இலையுதிர்வு. நம் 'இலை' கூட்டல் 'உதிர்' மாதிரியே கட்டிய சொல். அதிலிருந்து வந்த பெயரடைதான் 'லிஸ்தபாத்னிய்'. போலந்திலும் உக்ரைனிலும் 'லிஸ்தபாத்' வகைச் சொல் நவம்பர் மாதத்துக்கே பெயராகிவிட்டது. குரோவேசியாவில் அதுவே அக்டோபர்.

போன் காட்டிய 'லீஸ்த்வின்னிய்' வேறு கணக்கு. அது 'அகன்ற இலை உடைய' என்ற பொருளில், ஊசியிலை மரங்களுக்கு எதிராகச் சொல்வது. ரஷ்யாவில் அகன்ற இலை மரங்கள் பெரும்பாலும் குளிருக்கு இலை உதிர்ப்பவையே. ஆகவே அங்கே பேச்சில் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே ஓடும். நம்மூருக்கு வந்தால் குழப்பம். பலா அகன்ற இலை மரம்தான், ஆனால் இலையுதிர் மரம் இல்லை. மறுபக்கம், ரஷ்யக் காடுகளில் மிகுந்த பரப்பில் நிற்கும் லார்ச் ஊசியிலை மரம். அது இலையுதிர் காலத்தில் ஊசி எல்லாம் மஞ்சளாகி, கொட்டி, மொட்டையாக நிற்கும். அதாவது, ஊசியிலையே ஆனாலும் லிஸ்தபாத்னிய். இந்த ஒரு மரத்தை நினைவில் வைத்தால் உங்கள் மகளுக்கு இரண்டு சொல்லும் இனிக் குழம்பாது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி. ரஷ்யத் 'த' நம் 'தலை'யில் வரும் த போலப் பல்லில் நாக்குப்படச் சொல்வது. ஆனால் இந்தச் சொல்லில் முதல் த 'தலை'யின் த, இரண்டாவது 'பந்து'வில் வரும் த. அழுத்தம் 'பா'வில். பின்னால் வரும் பெயருக்கேற்ப ஈறு மாறும். காட்டுக்கு 'லிஸ்தபாத்னிய் லெஸ்', மரத்துக்கு 'லிஸ்தபாத்னயெ தேரிவ'. ரப்பர் மரத்துக்குத் தாவரவியல் பெயரையே, 'கிவேயா' என்று சொல்லட்டும். ஹெவியா என்பதன் ஹ அங்கே 'தங்கம்' என்பதில் வரும் க ஆகிவிடும். 'ரிஸீனா' என்ற சொல்லை மரத்தோடு சேர்க்க வேண்டாம், அது டயர் செய்கிற பதப்படுத்திய ரப்பர். சேர்த்தால் ரப்பரால் செய்த பொம்மை மரம் என்று வகுப்பே சிரிக்கும்.

ஆக அவள் சொல்ல வேண்டியது: 'கிவேயா, லிஸ்தபாத்னயெ தேரிவ.' ஏன் உதிர்கிறது என்று அங்கே கேட்பார்கள், ஏனென்றால் நம் ஊரில் பனி இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் டிசம்பர், ஜனவரியில்தான் நம் ரப்பர் உதிரும். தண்ணீர் குறையும்போது இலை வழியாக நீர் வீணாகாமல் காப்பது இந்தப் பழக்கம். இலைக்காம்பின் அடியில் மெல்லிய செல்களாலான ஓர் அடுக்கு உருவாகி, அங்கேதான் இலை கழன்று விழுகிறது. பச்சை இலையைப் பிடுங்கினால் பால் வடியும். தானாக விழுந்த சருகின் காம்பு முனையைப் பாருங்கள், ஆறிப்போன புண் மாதிரி காய்ந்து வழுவழுப்பாக இருக்கும்.

நீங்கள் தோட்டக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மழைக்காலத்தில் பச்சை இலையே கொத்துக் கொத்தாக விழுந்தால் அது இந்த வகை உதிர்வு இல்லை. காம்பில் கறுத்த புள்ளி, அதன் நடுவில் உறைந்த ஒரு துளிப் பால் தெரிந்தால் அது பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் நோய். மழைக்கு முன்பே செப்பு மருந்து அடித்துவிடுவதுதான் அதற்கு வழி, விழுந்த பிறகு அடித்துப் பலன் குறைவு. இதை ரஷ்யத்தில் சொல்ல 'லிஸ்தபாத்னிய்' ஆகாது, 'முன்கூட்டியே இலை விழுதல்' என்று தனியாகச் சொல்வார்கள்.

அப்புறம், மருத்துவ மாணவி என்பதால் ஒன்று. பல் பாடத்தில் ஆங்கிலப் புத்தகம் 'டெசிடுவஸ் டீத்' என்று எழுதியிருக்கும். அங்கே போய் 'லிஸ்தபாத்னிய்' போட்டுவிடக் கூடாது. ரஷ்யத்தில் அது 'மலோச்னியெ ஸூபி'. மலக்கோ என்றால் பால், ஸூபி என்றால் பற்கள். நாம் சொல்கிற பால்பல்தான்.