கடனே வாங்காதவருக்கு முதல் கிரெடிட் கார்டு எப்படிக் கிடைக்கும்?

"சொந்தமாகச் சின்னத் தொழில் செய்கிறேன். இதுவரை எந்த பேங்கிலும் கடன் வாங்கியதில்லை. கிரெடிட் கார்டு கேட்டால் ஸ்கோர் இல்லை என்கிறார்கள். யாருமே கொடுக்காமல் ஸ்கோர் மட்டும் எங்கிருந்து வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2022-இல் இதே கேள்வியோடு நானும் அலைந்தேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் பேங்கிலேயே ஒரு சின்ன எஃப்டி, அதாவது நிரந்தர வைப்பு, போடுங்கள். அதை ஈடாக வைத்து கார்டு கேளுங்கள். இப்போதைக்கு வேறு எங்கும் விண்ணப்பம் போடாதீர்கள்.

இனி விவரமாக. எனக்கு ஊர் பூம்பாறை, கொடைக்கானல் தாண்டி மலைக்குள் இருக்கிறது. அப்பா மலைப்பூண்டு போடுகிறார். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த அந்தப் பூண்டுதான். பறித்துக் காயவைத்து, கட்டுக் கட்டாகப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி மண்டிக்கு இறக்குவோம். விதைப்புக்குக் கையில் காசு இல்லாத வருடங்களில் மண்டிக்காரர் அட்வான்ஸ் கொடுப்பார். "அடுத்த போகத்துல கழிச்சுக்கலாம்ணே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் தாத்தா காலத்தில் இருந்து அந்தக் கணக்கு ஒரு போகம்கூடப் பாக்கி நின்றதில்லை. அத்தை நடத்தும் மாதச் சீட்டில் பன்னிரண்டாவது முடித்ததில் இருந்து நானும் ஒரு ஆள், ஒரு மாதமும் தள்ளிப்போட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது எங்கள் வீட்டுக்குப் புதிது கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அந்த நாணயம் பேங்க் பார்க்கும் இடத்தில் பதிவாகவில்லை, அவ்வளவுதான். மறுத்துவிட்டார்கள் என்று உங்களைப் பற்றி நீங்களே தாழ்வாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் கொஞ்ச காலம் அப்படி நினைத்துத் தவித்திருக்கிறேன்.

பேங்க் பார்க்கும் இடம் என்பது கடன் தகவல் நிறுவனங்கள். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு இருக்கின்றன. நாம் பேங்கில் வாங்கிய கடன், கட்டிய தேதி, தவறிய தவணை எல்லாம் பான் எண்ணை வைத்து அங்கே சேரும். அதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். கடனே இல்லாதவருக்குக் குறைந்த மதிப்பெண் என்று அர்த்தம் இல்லை, மதிப்பெண்ணே இருக்காது. அந்த இடத்தில் மைனஸ் ஒன்று என்றோ 'வரலாறு இல்லை' என்றோ வரும். இந்த வித்தியாசம் முக்கியம். தவறிய கடன் ஒன்று பதிவில் இருந்தால் அதைச் சரிசெய்ய வருடக்கணக்கில் ஆகும். வெறும் பக்கத்தை நிரப்ப எனக்குச் சில மாதங்களே ஆயின.

நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முதலில் அதை எடுத்துப் பாருங்கள். வெறுமையாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் உங்கள் அறிக்கையில் நிற்கும்.

நான் இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இறங்கிவிட்டேன். அப்பாவின் பூண்டைச் சில்லறையாகப் பொட்டலம் போட்டு, வெளியூருக்குத் தபாலில் அனுப்பும் வேலையைத் தொடங்கியிருந்தேன். அட்டைப்பெட்டி, எடை மெஷின் எல்லாம் இணையத்தில் வாங்க வேண்டும், பணமோ ஆர்டர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். நடுவில் வரும் முப்பது நாற்பது நாளைச் சமாளிக்க ஒரு கார்டு இருந்தால் போதும் என்று தோன்றியது. ஒரு பேங்கின் ஆளிடம் இருந்து போன் வந்தது. "லைஃப்டைம் ஃப்ரீ கார்டு மேடம், உங்களுக்கு அப்ரூவ் ஆகிவிட்டது" என்றார். விவரம் கொடுத்தேன், பத்து நாளில் மறுப்பு வந்தது. அடுத்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. இரண்டு மாதத்தில் மூன்று மறுப்பு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த பேங்க் நம் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், அப்படிப் பார்த்ததும் அறிக்கையில் பதிவாகும். கடன் ஒன்றுமே இல்லாத என் அறிக்கையில் இருந்ததெல்லாம் மூன்று பேங்க் அடுத்தடுத்து விசாரித்த பதிவு மட்டும். நாலாவதாகப் பார்க்கும் பேங்க் என்ன நினைக்கும், சொல்லுங்கள். இந்தத் தவறை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்.

மறுப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சம்பளச் சீட்டு அல்லது வருமான வரி ரிட்டர்ன் கேட்டார்கள். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் எங்கள் பக்கம் ரிட்டர்ன் போடும் வழக்கமே இல்லை. இருப்பது மண்டிச் சீட்டும் பாஸ்புக்கும்தான். "நம்மகிட்டதான் கிசான் கார்டு இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொன்னு?" என்று அப்பா கேட்டார். கிசான் கிரெடிட் கார்டு என்பது பயிர்க்கடன். அப்பா பெயரில் பட்டா, அப்பா பெயரில் கடன், ஆகவே அதன் வரலாறும் அவர் பெயரில்தான். எனக்கு அதில் ஒரு பலனும் இல்லை.

கடைசியில் வழி சொன்னது நான் கணக்கு வைத்திருந்த கிளையின் அதிகாரி அம்மா. "ஏம்மா ஊரெல்லாம் கேக்குற? இருபத்தஞ்சாயிரம் எஃப்டி போடு, அது மேல கார்டு தர்றேன்" என்றார். சீட்டு எடுத்த பணம் இருந்தது, போட்டேன். எஃப்டி ஈடாக இருப்பதால் பேங்குக்குப் பயம் இல்லை, சம்பளச் சீட்டும் ஸ்கோரும் கேட்கவில்லை. கார்டில் 20,000 ரூபாய் வரம்பு கொடுத்தார்கள், அதாவது எஃப்டியில் 80 சதவீதம். குறைந்தபட்ச எஃப்டி எவ்வளவு, வரம்பு எத்தனை சதவீதம், ஆண்டுக் கட்டணம் உண்டா என்பதெல்லாம் பேங்குக்கு பேங்க் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்டிக்கு உரிய வட்டி வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும். கார்டு இருக்கும்வரை அந்த எஃப்டியை உடைக்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வைத்திருக்கும் பணத்தை இதில் போட்டுவிடாதீர்கள்.

கடைக்காரரோ இணையதளமோ பார்த்தால் இதுவும் சாதாரண கிரெடிட் கார்டுதான். நாம் கட்டுவதும் தவறுவதும் மற்ற கார்டுகளைப் போலவே கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும். "எஃப்டி இருக்கிறதே, கட்டாவிட்டால் எடுத்துக்கொள்ளட்டும்" என்று விட்டால் பணமும் போகும், பதிவும் கெடும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மண்டிக்காரரின் அட்வான்ஸ் அறுவடைக்குக் காத்திருக்கும். மழையில் பூண்டு அழுகினால் அவரும் ஒரு போகம் பொறுப்பார். கார்டு பில் பொறுக்காது. கொடைக்கானலில் கடை, டாக்ஸி, லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். ஏப்ரல், மே சீசனில் பணம் புரளும், ஜூலை மழையில் ஆள் இருக்காது, பில் மட்டும் மாதா மாதம் வரும். மாதச் சம்பளக்காரர்களுக்காகச் செய்த ஒரு பொருளை, போகத்துக்கு ஒரு முறை பணம் பார்க்கும் நாம் பயன்படுத்துகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அதனால் நான் வைத்துக்கொண்ட ஒரே விதி, அடுத்த பில்லுக்கான பணம் ஏற்கெனவே கணக்கில் இருந்தால்தான் கார்டைத் தேய்ப்பேன். முதல் வருடம் முழுக்க மாதம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவை நிறுத்துவது ஸ்கோருக்கும் நல்லது என்பார்கள்.

பில்லில் 'மொத்தத் தொகை' என்று ஒன்றும் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்றும் இருக்கும். எப்போதும் மொத்தத்தைக் கட்டுங்கள். குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாது, ஆனால் மீதிக்கு வட்டி ஓடும். பல கார்டுகளில் அது மாதம் மூன்று முதல் மூன்றே முக்கால் சதவீதம் வரை. ஊர்க்கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மூன்றரை வட்டி. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. 10,000 ரூபாய் பாக்கி நின்றால் ஒரு மாதத்துக்கு 350 வட்டி, 63 வரி. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும். மூன்றரை வட்டிக்கு ஊரில் யாரிடமாவது கைநீட்டுவோமா? கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம், அதற்கு முதல் நாளில் இருந்தே வட்டி, கட்டணம் தனி.

பில் தேதி நமக்கு ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறையாவது அந்த வாய்ப்பைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வெளியூர் ஆர்டர் பணம் எனக்கு மாதத்தின் முதல் வாரத்தில் வந்து சேரும், அதற்கு ஏற்ற மாதிரி கட்டவேண்டிய கடைசித் தேதியைப் பத்தாம் தேதி பக்கம் நகர்த்திக்கொண்டேன். சேமிப்புக் கணக்கில் இருந்து மொத்தத் தொகையும் தானாகப் போகும்படி எழுதியும் கொடுத்துவிட்டேன். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் கரண்டும் டவரும் போனால் ஓடிபி வராது, கடைசி நாளில் போனை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. இன்னொரு ஆறுதல், கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்பதும் விதிதான்.

சின்னச் சின்னத் தடங்கல்கள் சில. பேங்க் கணக்கில் என் பெயர் இனிஷியலோடு இருந்தது, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருந்தது. அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் போனது, நீங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை அனுப்பிய கார்டு கொடைக்கானலோடு திரும்பிப் போய்விட்டது. கூரியர்காரர் பூம்பாறைக்கு ஏறி வரவில்லை. மறுபடி கேட்டு, நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கும்படி டவுனில் தெரிந்தவர் கடை முகவரியைக் கொடுத்தேன். அப்புறம், பத்து நிமிடத்தில் கடன் என்று விளம்பரம் செய்யும் ஆப்களைத் தொடாதீர்கள். ஸ்கோர் உண்டாக்க அது சுலபமான வழி என்று சிலர் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படி ஆரம்பித்து, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று ஐந்து கடனில் நிற்கிறான்.

கார்டு வந்த ஆறாவது மாதம் அறிக்கையில் எனக்கு முதல்முறையாக ஒரு எண் வந்தது, 746. அன்று மாலை அப்பாவிடம் காட்டினேன். "இது நம்ம மண்டிக்காரருக்கு எப்பவோ தெரியுமே" என்றார். உங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரக்கூடும், ஏனென்றால் அப்போது மாதம் ஒரு முறை போன தகவல், 2025 ஜனவரியில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று மாறியது.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலாகக் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு அறிவுறுத்தியிருப்பதாக 2025-இல் நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதைக் காட்டினால் உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வருமானம் போன்ற மற்றதையெல்லாம் பார்த்து முடிவு செய்யும் உரிமை பேங்குக்கு உண்டு. ஆனால் உங்கள் கிளையில் "ஸ்கோர் இல்லை, போங்கள்" என்று மட்டும் சொன்னால், இந்த அறிவுறுத்தலைச் சொல்லி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கூடவே ஒரு வருடப் பாஸ்புக் வரவையும் விற்பனைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றரை வருடம் கழித்து அதே பேங்க் எஃப்டி இல்லாத கார்டு கொடுத்தது. பழைய கார்டை மூடி எஃப்டியை எடுத்து, அந்த நவம்பரில் அப்பாவுக்கு விதைப்பூண்டு வாங்கிக் கொடுத்தேன். அந்தப் போகத்துக்கு மண்டியில் அட்வான்ஸ் கேட்கவில்லை.