இம்போர்ட் வரியில் முழுப் பாதை: இஎஸ்லின்ட்டைக் காவலுக்கு வைப்பது எப்படி?

கேள்வி: பல கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் பண்ட்லரை விட்டுவிட்டு, எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை, பிரவுசருக்கு வெளியே அதை ஓட்டும் நோடிலேயே நேரடியாக இஎஸ் மாட்யூலாக (இம்போர்ட் வரிகளால் கோப்புகளை இணைக்கும் ஜாவாஸ்கிரிப்டின் சொந்த முறை) ஓட்டத் தொடங்கினோம். ‘./உதவி’ என்று எழுதிய இம்போர்ட் எல்லாம் கோப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது. இனி யாரும் இப்படி எழுதாமல் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். நோடில் கோப்புகளை இணைக்கும் பழைய முறையான ரிக்வயர், பெயரோடு .ஜேஎஸ், .ஜேசன், .நோட் என நீட்டிப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கும். கோப்புறையாக இருந்தால் இண்டெக்ஸ் கோப்பைத் தேடும். பண்ட்லரும் அப்படியே உங்களுக்காகத் தேடிக்கொண்டிருந்தது. இஎஸ் மாட்யூலில் இந்த ஊகம் கிடையாது. பிரவுசர் நீங்கள் எழுதிய முகவரியை அப்படியே கேட்கும். நோடும் அவ்வழியே நடக்கிறது. நோடை உருவாக்கிய ரயன் டால், நீட்டிப்பை விட்டு எழுத அனுமதித்ததையும் இண்டெக்ஸ் கோப்பையும் தம் வருத்தங்களின் பட்டியலில் 2018இல் சேர்த்தார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

நிரலை ஓட்டாமலேயே பிழைகளைச் சுட்டும் கருவியான இஎஸ்லின்ட்டின் இம்போர்ட் பிளகினில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற விதி இருக்கிறது. அதை எரர் நிலையில், ‘இக்னோர்பேக்கேஜஸ்’ மதிப்போடு வையுங்கள். ‘ஆல்வேஸ்’ மட்டும் கொடுத்தால், ‘லோடேஷ்/எஃப்பி’ போன்ற, வெளியிலிருந்து நிறுவிய பேக்கேஜ்களின் உட்பாதைகளிலும் நீட்டிப்பைக் கேட்டு நச்சரிக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் கோப்புறைதான். ‘./உதவி’ ஒரு கோப்புறை என்றாலும் ‘ஜேஎஸ் நீட்டிப்பு இல்லை’ என்றுதான் விதி சொல்லும். அவசரத்தில் ‘./உதவி.ஜேஎஸ்’ என்று திருத்திவிடுவார்கள். அப்படி ஒரு கோப்பே இருக்காது. எழுத வேண்டியது ‘./உதவி/இண்டெக்ஸ்.ஜேஎஸ்’. அதனால் அதே பிளகினின் ‘நோ-அன்ரிசால்வ்டு’ விதியையும் கூடவே இயக்குங்கள். இல்லாத கோப்பை அது உடனே காட்டிக்கொடுக்கும். ‘நோ-யூஸ்லெஸ்-பாத்-செக்மென்ட்ஸ்’ விதியில் ‘நோயூஸ்லெஸ்இண்டெக்ஸ்’ இயங்கினால் அணைத்துவிடுங்கள். ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ நீட்டிப்போடு முழுப் பாதையைக் கேட்கும், இது ‘/இண்டெக்ஸ்.ஜேஎஸ்’ பகுதியை நீக்கச் சொல்லும்.

நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தால் கையால் திருத்தாதீர்கள். ‘இஎஸ்லின்ட்-பிளகின்-என்’ என்ற மற்றொரு பிளகின் தரும் ‘ஃபைல்-எக்ஸ்டென்ஷன்-இன்-இம்போர்ட்’ விதி, ஃபிக்ஸ் கட்டளையில் தானாகத் திருத்தும். மாற்றங்களைத் தனி கமிட்டாக வைத்து, கோப்புறை இம்போர்ட்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்டோடு வகைக் குறிப்புகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் என்றால் வழி வேறு. மாட்யூல் அமைப்பை ‘நோட்நெக்ஸ்ட்’ ஆக்கினால், இஎஸ் மாட்யூல் கோப்புகளில் அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலரே நீட்டிப்பைக் கேட்கும். மூலக்கோப்பு .டிஎஸ் ஆனாலும் இம்போர்ட்டில் .ஜேஎஸ் என்றே எழுதுவது வழக்கம். அங்கே ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ விதி .டிஎஸ் வேண்டும் என்று கம்பைலரோடு முரண்படக்கூடும்; அந்தக் கோப்புகளுக்கு அதை அணைத்துவிடுங்கள்.